நாலு நிமிடச் சரம்

திங்கட்கிழமை காலை அச்சகத்தின் ஷட்டரைத் தூக்கியதும் தூக்காததுமாகத் தங்கப்பாண்டியன் உள்ளே நுழைந்து ஒரு காகிதத்தை என் மேஜையில் வைத்தான். படித்தேன். ரத்தம் தலைக்கு ஏறிவிட்டது.

‘கண்டிக்கிறோம்! கண்டிக்கிறோம்! கையில் எண்ணெய் தடவி நின்று கோப்பையைக் கோட்டைவிட்ட கோல்கீப்பர் அழகுமீனாவை அணியிலிருந்து உடனே நீக்கு! இவண், வைப்பாறு மகளிர் கால்பந்து அணி ரசிகர் மன்றம்.’

“இருநூறு காப்பி போதும் அண்ணாச்சி. மேல அவ போட்டோ பெருசா வரணும். வெம்பக்கோட்டை பஸ் ஸ்டாண்டுல மட்டும் முப்பது ஒட்டணும்” என்றான்.

வெம்பக்கோட்டை அழகுமீனாவின் ஊர். பத்தொன்பது வயதுப் பெண். அவளுடைய அப்பா லட்சுமிகாந்தம் லோடு லாரி ஓட்டுகிறவர். “உன் பேரு தெருவுல அடிபட்டுச்சுன்னா அன்னைக்கே ஆட்டத்த விட்டுறணும்” என்று சொல்லித்தான் மகளை மைதானத்துக்கு அனுப்பியிருக்கிறார். வருகிற வியாழக்கிழமை மதுரையில் மாநில அணிக்கு ஆள் எடுக்கிறார்கள். நம் மாவட்டத்திலிருந்து போவது அவள் ஒருத்திதான். இந்த போஸ்டர் செவ்வாய்க்கிழமை சுவரேறினால் வியாழக்கிழமை அவள் மதுரைக்குப் போகமாட்டாள். இதெல்லாம் தங்கப்பாண்டியனுக்குத் தெரியாதா? மன்றத்தின் தலைவனே அவன்தான். தெரிந்துதான் எழுதிக்கொண்டு வந்திருக்கிறான்.

எங்கள் ஊரில் காதுகுத்துக்கும் போஸ்டர், கண்ணீர் அஞ்சலிக்கும் போஸ்டர். அச்சடிப்பது என் பிழைப்பு, அதைக் குறை சொல்ல வரவில்லை. ஆனால் தோற்றுப்போன பெண்ணின் முகத்தைச் சுவரில் ஒட்டி ஊரைக் காறித்துப்ப வைப்பதற்கு என் மெஷின் ஓடாது. அப்படியே சொன்னேன்.

“நீங்க என்ன அண்ணாச்சி, மேட்ச்ச பாக்கவே இல்லையா? பந்து வாறப்ப ரெண்டு கையையும் தலையில வச்சுக்கிட்டு நிக்கா. கைய நீட்டுனாத்தான பந்தப் பிடிக்க முடியும்?”

பார்த்தேன். எல்லாவற்றையும் பார்த்தேன். அதனால்தான் இவ்வளவு ஆத்திரம்.

சனிக்கிழமை ஆலங்குளத்து மைதானத்தில் சீசனின் கடைசி ஆட்டம், அருப்புக்கோட்டை அணியோடு. டிரா செய்தாலே எங்களுக்குக் கோப்பை. எண்பது நிமிடம் ஆகியும் இரண்டு பக்கமும் கோல் இல்லை. அழகுமீனா மட்டும் ஆறு பந்தைத் தடுத்திருந்தாள். ஒன்றை விரல் நுனியால் தட்டிவிட்டாள். அப்போது அவளைக் குலசாமி என்று கத்தியவன் இதே தங்கப்பாண்டியன்தான்.

மன்றத்துக்காரர்கள் நாங்கள் இருபது பேரும் எப்போதும் எங்கள் கோலுக்குப் பின்னால்தான் நிற்போம். ஜெயித்தால் வெடிக்கப் பத்தாயிரம் வெடிச் சரம் ஒன்று கொண்டுபோயிருந்தோம். வாங்கியது நான். விரித்துப் போட்டது தங்கப்பாண்டியன். இருபத்திரண்டு வருடமாகப் பட்டாசுக் கம்பெனி ஃபோர்மேன் அவன். எந்தச் சரம் எவ்வளவு நேரம் ஓடும் என்று திரியைப் பார்த்தே சொல்லிவிடுவான். விசில் அடித்த பிறகு பற்றவைத்தால் அது எல்லா ஊர்க்காரனும் செய்வதுதானே, சிவகாசிக்காரனுக்கு என்ன மரியாதை? “இது நாலு நிமிசம் ஓடும். எண்பத்தாறுல வச்சோம்னா கடைசி வெடியும் விசிலும் ஒன்னாக் கேக்கும்” என்றான். எங்களுக்குப் புல்லரித்தது. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றோம். எண்பத்தாறு ஆனதும் “வைலே!” என்று கத்தியது யார் தெரியுமா? நான்தான்.

ஆனி மாதத்து மேல்காற்று எங்கள் முதுகுக்குப் பின்னால் இருந்தது. நேரத்தைக் கணக்குப் போட்ட மேதாவிகளில் ஒருத்தர்கூடக் காற்றைக் கணக்குப் போடவில்லை. புகை மொத்தமும் எங்கள் கோலுக்குள் போய் இறங்கியது. நடுவர் ஆட்டத்தை நிறுத்தியிருக்க வேண்டும். அந்த மனுஷன் கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொண்டு நின்றார். எண்பத்தெட்டாவது நிமிடம் அருப்புக்கோட்டையின் பதினொன்றாம் நம்பர் பெண் புகைக்குள் புகுந்து அடித்தாள். கோல். எங்கள் சரம் அதற்குப் பிறகும் நிற்காமல் வெடித்தது. எதிரணிப் பெண்கள் அதற்கு ஆடினார்கள். நாங்கள் வாங்கிய வெடிக்கு அவர்கள் ஆடினார்கள்!

பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். இங்கே பாவம் செய்தவனே பழியையும் எழுதிக் கொண்டுவந்து அச்சடிக்கச் சொல்கிறான்.

“அந்தப் புள்ள கண்ணுல புகைய அடிச்சது நாமதான தங்கப்பாண்டி?” என்றேன்.

“புகைக்குப் பயந்தா இந்த ஊருல பொழைக்க முடியுமா? அவ அம்மா ராமுத்தாய் எங்க கம்பெனியில, என் ஷெட்டுல வேல பாத்தவ. வெடிமருந்துக்குள்ளயே வளந்த புள்ளைக்குப் புகை தெரியாதாக்கும்?” காகிதத்தை உருவிக்கொண்டான். “சிவகாசியில நீங்க ஒருத்தர்தான் பிரஸ் வச்சிருக்கீகளா? நாளைக்குள்ள வேற எடத்துல அடிச்சுக்கிடுதேன்.”

போய்விட்டான். அவன் சொன்னது நிஜம். தெருவுக்கு நாலு அச்சகம் இருக்கிற ஊரில் நான் மாட்டேன் என்று சொன்னதற்கு என்ன மதிப்பு? அவன் போஸ்டர் சுவருக்குப் போவதற்குள் வேறொன்று போயாக வேண்டும்.

என்னிடம் டிசைன் பார்க்கும் தவுபிக் மூலையில் கட்டிக்கிடந்த காகிதக் கட்டைக் காட்டினான். “அண்ணாச்சி, அங்கன கெடக்கே அத என்ன செய்யப் போறீக?”

வெற்றி போஸ்டர்! சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன். ஆட்டத்துக்கு முந்தின வாரமே முந்நூறு அடித்து வைத்திருந்தோம். அடுத்த வருடக் காலண்டரை ஆடிப்பெருக்கிலேயே ஆரம்பிக்கிற ஊர் இது, ஆட்டம் முடியும்வரை பொறுக்குமா? மேலே ‘வெற்றி! வெற்றி! மாவட்ட சாம்பியன்!’ அதன் கீழே எத்தனை கோல் என்று கையால் எழுதிக்கொள்ள வெள்ளையாக ஒரு பெரிய கட்டம். ஆடிய பதினோரு பெண்களும் தீப்பெட்டிப் படம் அளவுக்கு ஓரத்தில். கீழ்ப் பாதி முழுக்க நாங்கள் இருபது பேர், மாப்பிள்ளைக் களையில். நடுநாயகமாகக் கூலிங் கிளாஸ் போட்ட தங்கப்பாண்டியன். பக்கத்தில் நான், போன் பேசுவது போல.

“இதுமேலயே அடிப்போம்” என்றேன்.

மத்தியானத்துக்குள் தவுபிக் பிளேட் போட்டுவிட்டான். வெற்றி வெற்றி என்ற எழுத்தின் மேல் பட்டையாக ஒரு கறுப்புக் கோடு. வெள்ளைக் கட்டத்துக்குள் இப்படி: ‘கோல் வாங்கியது அழகுமீனா அல்ல. ஆட்டம் முடியும் முன்பே சரம் கொளுத்தி, அவர் கண்ணில் புகையை அடித்துக் கோப்பையைத் தொலைத்தவர்கள் கீழே படத்தில் இருக்கும் நாங்களே.’ சாயங்காலம் நாலு மணிக்குப் பசை வாளியோடு ஆட்கள் கிளம்பினார்கள். வெம்பக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் முப்பது ஒட்டச் சொன்னேன். எனக்கு மனசு நிறைந்துவிட்டது. பெரிய நியாயவான் என்று என்னை நானே தட்டிக்கொடுத்துக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை காலை, தன் போஸ்டர் வேறெங்கும் அச்சேறும் முன்பே, தங்கப்பாண்டியன் சுவரிலிருந்து கிழித்த எங்கள் போஸ்டரோடு வந்து நின்றான்.

“யாரக் கேட்டு என் போட்டோவப் போட்டீக? கம்பெனி வாசல்ல ஒட்டியிருக்கு. நேத்து சேந்த புள்ளைக எல்லாம் பாத்துச் சிரிக்குதுக. மொதல்ல என் போட்டோவ எடுங்க!”

“அந்தப் புள்ள போட்டோவப் பெருசாப் போடச் சொன்னப்ப இனிச்சுச்சு, ஒன் போட்டோன்னா கசக்குதோ?” என்று நானும் எழுந்துவிட்டேன். தவுபிக் நடுவில் வந்து நின்றான்.

அந்த நேரம் பார்த்து அழகுமீனா வாசலில் வந்து நின்றாள். அணியின் நீலச் சட்டை, காலில் செருப்பு. என்னைக் கும்பிடுவாள் என்று நினைத்தேன். அவள் முகத்தைப் பார்த்ததும் அந்த நினைப்பு போய்விட்டது.

“என்னையக் கேக்காம எதுக்கு என் பேரப் போட்டீக அண்ணாச்சி?”

“ஒனக்காகத்தானம்மா...”

“எங்க அப்பா பஸ் ஸ்டாண்டுல நின்னு ரெண்டு தடவ படிச்சாரு. சரி, மதுரைக்கு நானே கூட்டிட்டுப் போறேன்னுட்டாரு. அதுக்கு ஒங்களுக்குக் கோடி புண்ணியம். ஆனா இதுல போட்டிருக்கது நெசமில்ல. அதச் சொல்லத்தான் வந்தேன். எனக்குப் பந்து தெரிஞ்சுது.”

நாங்கள் மூன்று பேரும் அவளையே பார்த்தோம்.

“புகையிலயும் தெரிஞ்சுது. அந்தப் பதினொன்னாம் நம்பர் புள்ள எடதுபக்கம்தான் அடிக்கப் போறான்னு கூடத் தெரிஞ்சுது. கைதான் வரல. பின்னால மொத வெடி வெடிச்சதும் ரெண்டு கையும் காதுக்குப் போயிருச்சு. எம்புட்டு இழுத்தும் எறங்கல. தீவாளிக்குக் கதவ அடைச்சுக்கிட்டு உள்ள இருந்துக்கிருவேன். கிரவுண்டுல எங்கன போயி அடைக்க?”

பிறகு தங்கப்பாண்டியனிடம் திரும்பினாள். அவள் குரலில் அதுவரை இருந்த கோபம் இப்போது இல்லை. அதுதான் எனக்குத் தாங்கமுடியவில்லை.

“ஃபோர்மேன் அண்ணாச்சி, ரெண்டு வருசத்துக்கு முன்ன கம்பெனியில ஷெட்டு வெடிச்ச அன்னைக்கு எங்கம்மாவுக்குச் சோத்துத் தூக்கு கொண்டாந்தேன். அம்மாவுக்கு ஒரு காது போச்சு. கம்பெனி வாசல்ல நின்ன என்னைய நீங்கதான தூக்கிட்டு ஓடுனீக? அப்பயும் காதப் பொத்திக்கிட்டுத்தான இருந்தேன். ஆஸ்பத்திரி வரைக்கும் கைய எடுக்கலைன்னு நீங்கதான எங்கப்பாகிட்டச் சொன்னீக?”

கிழித்த போஸ்டர் தங்கப்பாண்டியன் கையிலேயே இருந்தது. ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தான்.

எனக்கு என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போல இருந்தது. திரியைப் பார்த்து நேரம் சொன்னோம், காற்றை மறந்தோம் என்று மூக்கால் அழுது போஸ்டரும் அடித்தோம். கோலுக்கு முன்னால் நிற்பவள் யாருடைய மகள் என்று இருபது பேரில் ஒருவனுக்கும் தோன்றவில்லை. அவள் வீட்டில் என்ன நடந்தது என்று ஊருக்கே தெரியும். தெரிந்தே அவள் முதுகுக்குப் பின்னால் பத்தாயிரம் வெடியை விரித்தோம். மரியாதையாம், சிவகாசி மரியாதை!

“என்ன போடணும்னு நீயே சொல்லு தாயி” என்றேன்.

“என் பேரு வேண்டாம். காது கதையும் வேண்டாம். வைப்பாறு ஆடுற எடத்துக்கு இனி யாரும் வெடி கொண்டாரக் கூடாதுன்னு மட்டும் போடுங்க.” கொஞ்சம் யோசித்தாள். “ஜெயிச்சாலும் கொண்டாரக் கூடாது.”

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டாள்.

தவுபிக் கம்ப்யூட்டரில் போஸ்டரைத் திறந்தான். கட்டத்துக்குள் இருந்ததை அழித்துவிட்டு அவள் சொன்னதை அடித்தான். திரையில் நாங்கள் இருபது பேரும் பல்லைக் காட்டிக்கொண்டு இருந்தோம். தவுபிக் தயங்கித் தயங்கிக் கேட்டான்: “ஃபோர்மேன் அண்ணாச்சி, ஒங்க போட்டோவ எடுத்துறவா?”

தங்கப்பாண்டியன் திரையைப் பார்க்கவில்லை. தன் இரண்டு கைகளையும் பார்த்துக்கொண்டிருந்தான்.

“இருக்கட்டும்லே. அந்தக் கூலிங் கிளாஸ் இல்லாம வேற ஒன்னு தாரேன். அதப் பெருசாப் போடு.”