பொட்டலத்தின் முதுகில் எட்டு வரி

1

இந்தக் கதை ஒரு பொட்டலத்தின் முதுகில் அச்சாகியிருக்க வேண்டியது. எட்டு வரிக்குள் வேண்டும் என்று நகரத்துக் கம்பெனி மேலாளர் எமில் போனில் கேட்டார். சரக்கு தங்கவேர்ப் பொடி. பழச்சாற்றில் ஒரு கரண்டி கலந்து குடித்தால் கிர்கிஸ் மலைமக்களின் தெம்பு வரும் என்று வெளிநாட்டில் விற்கப்போகிறார்கள். முன்பக்கம் சாய்ரகானின் படம், பின்பக்கம் அவள் கதை. ஊரில் பத்திரிகைக்கு எழுதுகிற ஒரே ஆள் நான். அவளுடைய பக்கத்து வீட்டுக்காரி வேறு.

"அவதான் செத்துட்டாளே," என்றேன்.

"அதனால என்னக்கா? படம் நல்லா வந்திருக்கு."

முதல் முயற்சி: தியான்ஷானின் பனிச்சிகரங்களுக்கு நடுவே, தலைமுறை தலைமுறையாக... [அடித்துவிட்டேன். எங்கள் ஊரில் சிகரத்தை யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. கீழே பார்த்து நடக்காவிட்டால் சாணியை மிதிக்க வேண்டியதுதான்.]

இரண்டாம் முயற்சி: சாய்ரகான் என்ற ஞான மூதாட்டி... [அவளுக்கு ஐம்பத்தொன்றுதான். பெட்ரோல் பங்கில் வேலை. இதைப் படித்திருந்தால் என் முடியைப் பிடித்து உலுக்கியிருப்பாள்.]

2

எட்டு வரியை விட்டுவிட்டு நடந்ததையே எழுதுகிறேன்.

ஊரில் யாருக்கு உடம்பு சரியில்லை என்றாலும் பெட்ரோல் பங்குக்குத்தான் போவார்கள். வேர் கொடுத்து அனுப்புவதைவிட, கொடுக்காமல் விரட்டுவதுதான் சாய்ரகானிடம் அதிகம். "உனக்கு ரத்தக்கொதிப்பு. இது ஆகாது, போ." கம்பெனிக்கு அவள் கொடுத்தது வேண்டும், மறுத்தது வேண்டாம். பொட்டலத்தில் 'ஆகாது' என்ற சொல்லுக்கு இடமில்லை.

வேர் தோண்டித் தரும் ஒப்பந்தத்தை எடுத்தவன் அவளுடைய ஒரே மகன் உலார்பெக். பனி உருகத் தொடங்கியதுமே ஆட்களோடு மலையேறினான். முந்தின நாள் அவர்கள் சமையலறையில் நடந்த சண்டையின்போது நானும் இருந்தேன், அவள் பொரித்த பூர்சோக் மாவுத்துண்டுகளைத் தின்றுகொண்டு.

"இலை வரட்டும்டா. இலை இல்லாம தங்கவேரு எது, நாபி எதுன்னு எப்படிச் சொல்லுவ? ரெண்டும் சேத்துல கெடக்குற வேருதான்."

"இலை வர்றதுக்குள்ள கம்பெனி வேற ஊருக்குப் போயிரும்மா. உனக்கு ஒரு துண்டு போதும். அவங்களுக்கு லாரி லாரியா வேணும்."

"அவ்வளவு சோர்வா அவங்களுக்கு? படுத்துத் தூங்கச் சொல்லு."

(அடிக்குறிப்பு: நாபி என்பது வச்சநாபி, விஷவேர். அது என்ன செய்யும் என்று தமிழ் வாசகருக்கு விளக்கத் தேவையில்லை.)

3

பொடியை அறிமுகப்படுத்தக் கம்பெனி வைத்த விழா ஊர் மன்றத்தில் நடந்தது. வெளிநாட்டு வியாபாரிகள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். உலார்பெக் கொண்டுவந்த மூட்டையிலிருந்து வேரை எடுத்து, இடித்து, கெட்டிலில் கொதிக்கவைத்து மேசையில் வைத்தார்கள். சாய்ரகான் ஊற்றிக் கொடுக்க வேண்டும், கேமரா பிடிக்க வேண்டும்.

எங்கள் வழக்கத்தில் ஊற்றுகிறவர்தான் முதல் கிண்ணத்தைக் குடிப்பார், மிச்சம் வைக்காமல். மிச்சம் வைத்தால் மற்றவர்கள் தொடமாட்டார்கள்.

அவள் ஒரு மடக்குக் குடித்தாள். நின்றாள். நாக்கைப் பல்லில் தேய்த்தாள். நாபி பட்டால் நாக்கில் எறும்பு ஊரும், பிறகு மரத்துப்போகும் என்று எனக்குச் சொன்னவள் அவள்தான். அவள் கேமராவைப் பார்க்கவில்லை, மகனைப் பார்த்தாள். அவன் புதுச் சட்டை போட்டு, மூட்டைகளுக்குப் பக்கத்தில் கல்யாண மாப்பிள்ளை மாதிரி நின்றுகொண்டிருந்தான்.

கிண்ணத்தைக் காலி செய்தாள். கெட்டிலைத் தூக்கினாள். அது கீழே விழுந்தது.

"பரவால்லக்கா, வேற போட்டுக்கலாம்," என்றார் எமில்.

"வேரு தீந்துபோச்சு," என்றாள் சாய்ரகான், மூட்டையில் சாய்ந்துகொண்டே. எல்லோரும் சிரித்துக் கைதட்டினார்கள்.

வெளியே வந்ததும் மகனிடம், "மூட்டை பூராத்தையும் நம்ம கொட்டகைக்குக் கொண்டுவா. காலையில பேசிக்கலாம்," என்றாள். பிறகு மன்றத்துக்குப் பின்னால் போய் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். காரில் ஏற்றும்போது என் கையைப் பிடித்தாள். "நெஞ்சுவலிடி. எப்பவும் வர்றதுதான். அவன்கிட்ட எதுவும் சொல்லிவைக்காத." சரி என்று வாக்குக் கொடுத்தேன்.

மாவட்ட ஆஸ்பத்திரிக்குப் பாதி வழியில் இறந்துவிட்டாள். இதயம் நின்றுவிட்டது என்று எழுதிக் கொடுத்தார்கள்.

4

இந்த இடத்தில் என் பாத்திரத்தின் மேல் எனக்கே சந்தேகம் வருகிறது. ஒரு மடக்கோடு நிறுத்தியிருக்கலாமே? கார்க்காரனிடமாவது உண்மையைச் சொல்லியிருக்கலாமே? அத்தனை வேர் தெரிந்தவளுக்கு அந்தக் கிண்ணம் என்ன செய்யும் என்று தெரியாதா? இதை எந்த வாசகரும் நம்பமாட்டார்.

நான் நம்புகிறேன். அவள் சாக நினைக்கவில்லை. மகனை ஊர் முன்னால் காட்டிக்கொடுக்காமல், காலையில் தனியாக வெளுத்து வாங்க நினைத்தாள். ஒரு கிண்ணத்தை உடம்பு தாங்கிவிடும் என்று கணக்குப் போட்டாள், கணக்கு தப்பிவிட்டது. அவள் மேல் எனக்குக் கோபம் இன்னும் தீரவில்லை. தினமும் அடுப்படியில் நின்று அவளைத் திட்டுகிறேன்.

எமிலுக்கு வேண்டிய முடிவு: மூலிகையோடு வாழ்ந்த தாய் புன்னகையோடு...

உலார்பெக்குக்கு வேண்டிய முடிவு: நெஞ்சுவலி.

என் முடிவு: உன் அம்மாவுக்குத் தெரிந்துதான் [இதற்கு மேல் பேனா ஓடவில்லை.]

5

இன்று மதியம் உலார்பெக் வந்தான். மூட்டைகளை எடுக்க லாரி வருகிறதாம்.

"அக்கா, கெட்டில் தானா விழுந்துச்சா, அம்மா போட்டாங்களா?"

"ஏண்டா கேக்குற?"

"பாதி மூட்டையில வேரைக் கிள்ளி நாக்குல வச்சுப் பாத்துட்டேன். ஒண்ணுமில்ல."

"மீதிப் பாதி?"

அவன் கொட்டகைப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"ஆய்வுக்கு அனுப்புடா."

"அனுப்பி, இருக்குன்னு வந்துட்டா? அப்போ அம்மாவக் கொன்னது நான்தானே?" அழுதுவிட்டான். "தானா விழுந்துச்சுன்னு சொல்லுங்கக்கா. மூட்டைய ஏத்திவிட்டுட்டு நிம்மதியா இருந்துக்குறேன்."

சொல்லாதே என்றுதான் சாய்ரகான் கேட்டாள், எழுதாதே என்று கேட்கவில்லை. [இது வக்கீல் பேச்சு என்று எனக்கே தெரிகிறது.] மேலே உள்ள நான்கு பகுதிகளையும் அவன் கையில் கொடுத்தேன். எதிரில் உட்கார்ந்து இந்த ஐந்தாவதை எழுதுகிறேன்.

அவன் மூன்றாம் பகுதியில் இருக்கிறான். முடித்துவிட்டு மறுபடி அதன் தொடக்கத்துக்கே போகிறான். வெளியே ஹாரன் சத்தம். டிரைவர் கதவைத் திறந்து எட்டிப் பார்க்கிறான்.

உலார்பெக் எழுந்து 'வேண்டாம்' என்றான் என்று ஒரு வரி எழுத எனக்கு அரை நிமிடம் போதும். நீங்களும் நிம்மதியாகப் பக்கத்தைப் புரட்டிவிடுவீர்கள். ஆனால் உலார்பெக் இன்னும் தலை நிமிரவில்லை. தோழிக்குக் கொடுத்த வாக்கை எழுத்தில் மீறியவள், வாயால் இனியும் மீற முடியாமல் உட்கார்ந்திருக்கிறேன்.

டிரைவருக்கு ஒன்றும் தெரியாது. உங்களுக்கு எல்லாம் தெரியும். அவன் கேட்கிறான், பதில் சொல்லுங்கள்:

"மூட்டைய ஏத்தலாமா?"