கழுத்துப் பொத்தான்

என் தம்பிக்கு முப்பத்தெட்டு வயது. எதையும் புரிந்துகொள்ள அவனுக்கு நேரம் பிடிக்கும். சட்டைப் பொத்தான் போடவும் அப்படித்தான். லாண்டரி ஒன்றில் துண்டு மடிக்கிறான். அந்த வேலை என்றால் அவனுக்கு உயிர். எவ்வளவு சீக்கிரம் எழுப்பினாலும் அவன் பொத்தானும், வேலைக்கு ஆள் ஏற்ற வரும் லாண்டரி வேனும் ஒத்துப் போனதில்லை. "இன்னொரு நாள் லேட்டானா, அப்புறம் வரவே வேண்டாம்" என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார்.

அதனால்தான் காலையில் அவனைக் கிளப்ப ஓர் உதவியாளர் வேண்டும் என்று, இவனைப் போன்றவர்களுக்கு ஆள் அனுப்பும் அலுவலகத்தில் கேட்டு வாங்கினேன். வந்தவள் எள் என்றால் எண்ணெயாக நிற்பவள். "கையத் தூக்கு கண்ணா" என்பாள், தன்னைவிட எவ்வளவோ மூத்தவனிடம். சட்டை, பொத்தான், சீப்பு, சாப்பாட்டுப் பை எல்லாம் கண் மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும். வேன் வரும்போது அவன் வாசலில் நிற்பான். பார்க்கிறவர்களிடமெல்லாம் அவள் புகழைப் பாடினேன்.

ஒருநாள் காலை அவள் என்னைக் கூப்பிட்டாள்.

"அக்கா, இவரு ராத்திரியே வேலைச் சட்டையப் போட்டுட்டுத் தூங்குறாரு. கழுத்துப் பட்டன் வரைக்கும். கழுத்தப் பாருங்க."

பார்த்தேன். சிவந்து, தோல் உரிந்திருந்தது. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "ஏன்டா, அறிவிருக்கா உனக்கு?" என்றேன்.

"நானே போட்டுட்டேன்" என்றான்.

அந்த வாரம், அவளை அனுப்பிய அலுவலகத்திலிருந்து ஒரு அம்மா விசாரிக்க வந்தார். உதவியாளரைக் காட்டி, "இவங்க உங்ககிட்ட எப்படி இருக்கணும்?" என்று அவனைப் பார்த்துக் கேட்டார்.

"அவனுக்கு ரொம்பப் பிடிச்சிருக்குங்க" என்றேன் நான், முந்திரிக்கொட்டையாக.

"அவர் சொல்லட்டும்மா."

அவன் ஆரம்பித்தான், நிறுத்தினான், மறுபடி ஆரம்பித்தான். எனக்கு நாக்கு துறுதுறுத்தது.

"உக்காரணும். பக்கத்துல. தொடக்கூடாது. நான் கேட்டாத்தான்."

உதவியாளரின் முகம் சுண்டிவிட்டது. "நேரமாயிடுமே, கண்ணா."

"கண்ணா இல்ல" என்றான்.

மறுநாள் அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு அவன் அருகில் உட்கார்ந்தாள். பாவம், இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டாள். அவன் கீழிருந்து ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே போனான். கழுத்துக்கு வந்தபோது ஒரு துளை மிச்சம் இருந்தது. எல்லாவற்றையும் கழற்றிவிட்டு மறுபடி கீழிருந்து தொடங்கினான். வாசலில் ஹாரன் அடித்தது. எழுந்து அவனிடம் போனேன்.

"நீயும் உக்காருக்கா" என்றான்.

"வேன் போயிடும்டா. வேலையும் போயிடும்."

"தெரியும்."

உட்கார்ந்தேன். வேன் இன்னொரு முறை ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டுக் கிளம்பிப் போனது. அவன் தலையைத் தூக்கவில்லை. அடுத்த பொத்தானைத் துளைக்குள் தள்ளிக்கொண்டிருந்தான்.