சுவரில் ஒரே ஓர் ஆணி

1

இந்தக் கதை ஒரு பல் மருத்துவரின் காத்திருப்பு அறையில் கிடைத்தது. மூலையில் சத்தத்தை நிறுத்திய டிவி. அதில் ஒரு சீரியல். வீட்டை விட்டுக் கோபித்துக்கொண்டு கிளம்பும் மூத்த மருமகள் பெட்டியைத் தூக்குகிறாள். பெட்டி காலி என்பது கைப்பிடி ஆடுவதிலேயே தெரிகிறது. அவளோ கால்களை அகட்டி வைத்தாள், முதுகை நேராக்கினாள், மூச்சை இழுத்துப் பிடித்தாள், அதன் பிறகுதான் தூக்கினாள்.

பக்கத்தில் கன்னம் வீங்கி உட்கார்ந்திருந்தவர் சொன்னார்: "பளு தூக்குற பொண்ணு சார். சாம்பியனா இருந்துச்சு. இப்ப நடிக்க வந்துடுச்சு."

அவ்வளவுதான். மீதியெல்லாம் நான் கட்டியது. (அவர் சொன்னது உண்மையா என்றுகூட நான் விசாரிக்கவில்லை. விசாரித்தால் கதை போய்விடும்.)

2

முதல் தொடக்கம்: "இரும்பைத் தூக்கியவளுக்கு வாழ்க்கையின் பாரம்..." வேண்டாம். இதை வேறு யாராவது எழுதியிருந்தால் அடிக்கப் போயிருப்பேன்.

இரண்டாவது: "அன்று காலை ஒப்பனை அறைக்குள் நுழைந்தபோது அவளுக்கு" — என்ன ஆனது அவளுக்கு? தெரியவில்லை. விட்டுவிட்டேன்.

மூன்றாவது நிற்கும் போலிருக்கிறது:

கலைப் பிரிவுக்காரர் சாம்பியனிடம் ஒரு புகைப்படம் கேட்டார். (செட்டில் எல்லோரும் அவளை அப்படித்தான் கூப்பிட்டார்கள். மரியாதையா கிண்டலா என்று அவளால் பிரிக்க முடிந்ததில்லை.)

"நேரா பாத்து, லேசா சிரிச்சு, மேடம். தோள் வரைக்கும் போதும்."

"எதுக்கு?"

"சும்மா. செட்டுக்கு."

3

சீரியலில் உயிரோடிருக்கும் பாத்திரத்துக்குத் தோள் வரை புகைப்படம் எதற்கு? தினமும் முகத்தைத்தான் காட்டுகிறார்களே. செத்தால்தான் கூடத்துச் சுவரில் மாட்டி, பக்கத்தில் ஒரு சின்ன விளக்கை எரியவிடுவார்கள்.

சாம்பியன் எதையும் காட்டிக்கொள்ளவில்லை. போட்டி மேடைக்குப் பின்னால், உடம்பைச் சூடேற்றும் அறையில் கற்ற பாடம் அது. அங்கே ஒவ்வொருத்தியும் அடுத்தவளின் கம்பியில் எத்தனை தட்டு ஏறுகிறது என்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே இருப்பாள். வலிக்கிற தோளை வலிக்காத மாதிரி வைத்துக்கொள்ள வேண்டும். குறைந்த எடை கேட்டவள்தான் முதலில் தூக்க வேண்டும்; அதனால் ஓர் எடையைச் சொல்லிவிட்டுக் கடைசி நிமிடத்தில் கூட்டி, எதிராளியை மூச்சு வாங்க விடாமல் முன்னே அனுப்ப வேண்டும். அந்த அறையில் யாரும் யாரையும் நம்பியதில்லை. படப்பிடிப்புத் தளத்துக்கு வந்தபோது அவளுக்குப் பழகிய இடத்துக்கு வந்த மாதிரியே இருந்தது.

மருமகள் செத்தால் சாம்பியனுக்குப் போக இடமில்லை. விளையாட்டால் கிடைத்த அலுவலக வேலையை விட்டுவிட்டுத்தான் நடிக்க வந்தாள். அந்த நாற்காலியில் இப்போது ஒரு குண்டு எறிதல் வீரர் உட்கார்ந்திருக்கிறார். அவரை எழுப்ப முடியாது. மேடைக்கும் திரும்ப முடியாது. தோள் போய்விட்டது.

மாமியாராக நடிப்பவரிடம் போனாள். கேமராவுக்கு வெளியிலும் அவரை அத்தை என்றே கூப்பிடுவாள்.

"அத்தை, போட்டோ கேக்கறாங்க."

"சிரிச்ச மாதிரியா?"

"லேசா."

"போச்சு." அத்தை தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். "நான் நாலு சீரியல்ல செத்திருக்கேன் கண்ணு. நாலு தடவையும் முதல்ல போட்டோதான் கேட்டாங்க. ஒருத்தனாவது வாயத் தெறந்து, 'உங்களக் கொல்லப் போறோம்'னு சொல்லணுமே?"

"இப்ப என்ன பண்றது?"

"மரியாதையா நீயே சொல்லிட்டுக் கிளம்பிடு. கௌரவமா இருக்கும்."

நல்ல அறிவுரைதான். கொஞ்சம் வேகமாக வந்துவிட்டது.

4

சாம்பியன் சாவதில்லை என்று முடிவெடுத்தாள். படம் இல்லாமல் எதை மாட்டுவார்கள்?

புகைப்படக்காரர் அவளை வெள்ளைச் சுவர் முன்னால் நிறுத்தினார். பொத்தானை அழுத்தும் நேரம் பார்த்துக் கன்னம் உப்பியது, கழுத்து நரம்பு புடைத்தது, விழி வெளியே வந்தது.

"மேடம், சிரிக்கச் சொன்னேன்."

"இதான் என் சிரிப்பு."

எடுத்த படங்களை இயக்குநர் ஒவ்வொன்றாகப் பார்த்தார். "என்னம்மா இது? இதச் சுவத்துல மாட்டுனா பாக்கறவன்ல செத்துடுவான்!" சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

கலைப் பிரிவுக்காரருக்கு அலுத்துவிட்டது. "அவங்க அன்னைக்கே குடுத்துட்டாங்க. நீங்கதான் இழுத்தடிக்கறீங்க."

"எவங்க?"

"மாமியார் மேடம்."

சாம்பியன் கூடத்து செட்டுக்குப் போய்ப் பார்த்தாள். சுவரில் புதிதாக ஆணி அடித்திருந்தார்கள். ஒரே ஓர் ஆணி.

5

சாம்பியனுக்கு ஒரு தங்கை. வீட்டில் பேச ஆள் வேண்டுமே என்று இப்போதுதான் உருவாக்கினேன். வந்த வேகத்திலேயே அக்காவைக் காட்டிக்கொடுத்துவிட்டாள்.

சாம்பியன் சிரிக்கும் படம் உலகத்தில் ஒன்றுதான் இருந்தது. ஒரு போட்டியில் இரண்டாவதாக வந்த அன்று, உடை மாற்றும் அறை வாசலில் தங்கை எடுத்தது. தோற்றவளை யாரும் நோட்டம் விடவில்லை. அதனால் முகம் தளர்ந்திருந்தது.

"செட்டுலேருந்து யாராவது போன் பண்ணாங்களாடீ?"

"பண்ணாரு. நல்லாப் பேசினாரு."

"போட்டோ கேட்டாரா?"

"எந்த போட்டோ?"

"'எந்த போட்டோ'ன்னு கேக்கற பாரு, அதுலயே தெரியுது."

"பின்ன எப்படிக் கேக்கறது? நீ காணாமப் போற மாதிரி சீனாம்க்கா. நோட்டீஸ் ஒட்டணுமாம். ரெண்டு வாரத்துல திரும்பி வந்துடுவியாம். அனுப்பிட்டேன்."

"நீயும் நம்பிட்ட."

"நம்பினா குத்தமா? உனக்கு யார் எது சொன்னாலும் உள்ள ஏதோ இருக்கும். இனிமே நான் சாப்பாடு போட்டாக்கூட, மொத வாய என்னத் திங்கச் சொல்லுவ போலருக்கு!"

காணாமல் போகும் காட்சி உண்மையாகவும் இருக்கலாம். அக்கா இனி வீட்டோடு இருந்தால் தேவலை என்று தங்கைக்கு உள்ளூர ஓர் ஆசை [அடித்துவிட்டேன். எனக்கும் உறுதியாகத் தெரியாது].

6

ஆணிக்குக் கீழே, துணி போட்டு மூடிய ஒரு படம் சாய்த்து வைக்கப்பட்டிருக்கிறது.

இயக்குநருக்கு ஒரு பழக்கம். சாவுக் காட்சியில் யார் படம் என்று முன்கூட்டிச் சொல்லமாட்டார். கேமரா ஓடும்போதுதான் துணியை எடுப்பார். அப்போதுதான் முகம் நிஜமாகக் கலங்குமாம். அந்தக் காட்சி எடுக்கும் அன்று மருமகள், மாமியார் இருவரையும் வரச் சொல்லியிருந்தார்கள். ஒருத்திக்கு அழுகிற வேலை. இன்னொருத்திக்கு இனி வேலையே இல்லை.

முடிவு ஒன்று: துணிக்குப் பின்னால் சாம்பியன். தன் சிரிப்பைத் தானே பார்த்து அழுகிறாள். உங்களுக்குத் திருப்தியாக இருக்கும். எனக்கு வேண்டாம்.

முடிவு இரண்டு: துணிக்குப் பின்னால் அத்தை. சாம்பியனுக்கு அப்பாடா என்று இருக்கிறது. அதை மறைத்துக் கதறுகிறாள். ஒரே டேக். அவள் உண்மையிலேயே நடிகையாவது இங்கேதான். எழுதிப் பார்த்தேன், கசந்தது.

முடிவு மூன்று: செட் சுவர் வெறும் ஒட்டுப்பலகை. சாம்பியன் அதை ஆணியோடு பெயர்த்துத் தூக்கிக்கொண்டு... இல்லை. பலசாலிப் பெண் என்றால் கடைசியில் எதையாவது தூக்கியாக வேண்டும் என்று காத்திருக்கிறீர்கள். தூக்கமாட்டாள்.

7

எழுதியதில் மிஞ்சியது இது. ஒப்பனை அறை. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு நாற்காலிகள்.

"நீங்களும் போட்டோ குடுத்தீங்களாமே அத்தை?"

"குடுத்தேன்."

"எங்கிட்ட சொல்லவேயில்ல."

"நீ கேக்கவேயில்ல."

"அப்ப என்னக் கிளம்பச் சொன்னது?"

அத்தை திரும்பவில்லை. எதிரே இருந்த கண்ணாடியிலேயே அவளைப் பார்த்தார். "எனக்கும் வேற வேலை தெரியாது கண்ணு."

சாம்பியனுக்கு அந்தக் குரலில் பொய் எதுவும் தட்டுப்படவில்லை. அதுவே அவளை உறுத்தியது. அத்தை நல்ல நடிகை.

கதவு திறக்கிறது. ஒப்பனைக்காரம்மா வருகிறார். இன்று ஒருத்திக்கு மட்டும் போட்டால் போதும் என்று அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். கையில் ஈரப் பஞ்சு. யார் முகத்தையும் பார்க்காமல், தரையைப் பார்த்துக்கொண்டே நடந்து வந்து, இரண்டு நாற்காலிகளுக்கும் நடுவில் நிற்கிறார்.

இதற்கு மேல் நான் எழுதமாட்டேன். அவர் எந்தப் பக்கம் திரும்புகிறார் என்பது உங்கள் பொறுப்பு. இவ்வளவு நேரமும் உங்களைச் சாம்பியன் பக்கமே உட்கார வைத்திருந்தது நான்தான் என்பதை மட்டும் மறக்க வேண்டாம். அத்தை வீட்டுக்குள் நாம் ஒருமுறைகூடப் போகவில்லை.

முடிவு செய்துவிட்டீர்களா? சத்தமாகச் சொல்லாதீர்கள். இரண்டு பேரும் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.