ரைபிள் அம்மாக்களும் பிஸ்டல் அம்மாக்களும்

எங்கள் ஊரில் கடைசிப் பிள்ளைக்கும் கல்யாணம் முடிந்துவிட்டால், பொழுது போவதற்காக அம்மாமார் துப்பாக்கி சுடப் போக வேண்டும். ரைபிள் வாங்கலாம், அல்லது கைப்பையில் அடங்குகிற சின்ன பிஸ்டல் வாங்கலாம். இரண்டில் ஒன்றுதான். வாங்கின பிறகு மாற்றித் தர மாட்டார்கள்.

ரைபிள் என்றால் அது வீட்டுச் சுவரில் தொங்க வேண்டும். ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. அதனால் ரைபிள் வாங்கின அம்மா தன் வீட்டிலேயே இருப்பாள். பிஸ்டல் அப்படியில்லை. கைப்பைக்குள் சர்ச் பாட்டுப் புத்தகத்துக்குப் பக்கத்தில் பேசாமல் படுத்துக்கொள்ளும், எந்த ஊருக்கும் வரும். அதனால் பிஸ்டல் வாங்கின அம்மா மகன் வீட்டில் கொஞ்ச நாள், மகள் வீட்டில் கொஞ்ச நாள் என்று இருப்பாள். அவளுடைய வீட்டைப் பிள்ளைகள் விற்றுவிடுவார்கள்.

நாளாக நாளாக அம்மாமார் தங்கள் துப்பாக்கியைப் போல ஆகிவிடுவார்கள். மேலத் தெரு பாக்கியம் டீச்சர் ரைபிள் வாங்கினவர்கள். இப்போது நீளமாகி, ஒல்லியாகி, கதவு மூலையில் சாய்ந்தபடி நிற்கிறார்கள். உட்கார முடியாது, மடங்காது. அக்கம்பக்கத்தார் யாருக்காவது ஞாபகம் வந்தால் போய் எண்ணெய் போட்டுத் துடைத்துவிட்டு வருவார்கள். என் அடுத்த வீட்டில் இருந்த ஞானத்தாய் அக்கா பிஸ்டல் வாங்கினவள். ஒவ்வொரு பண்டிகைக்கு வரும்போதும் ஒரு சாண் குறைந்திருப்பாள். போன கிறிஸ்துமஸுக்கு மருமகள் அவளை ஒயர் கூடையில் வைத்துத் தூக்கிக்கொண்டு வந்தாள். பஸ்ஸில் டிக்கெட் கேட்கவில்லை என்று மருமகளுக்குச் சந்தோஷம்.

ஆனி மாதம் என் மகள் பெனிட்டாவின் கல்யாணம் முடிந்தது. எனக்கு முறை வந்துவிட்டது.

நான் அதிகம் படித்தவள் இல்லை. எதுவானாலும் முழங்காலில் நின்று கேட்பதுதான் எனக்குத் தெரிந்த வழி. "ஆண்டவரே, நீளம் வேண்டுமா, குட்டை வேண்டுமா, நீரே சொல்லும்" என்று காலையும் மாலையும் கேட்டுக்கொண்டிருந்தேன். என் மனசில் என்ன இருந்தது என்று ஆண்டவருக்குத் தெரியும். நானும் மூலையில் சாய்ந்து நிற்கக் கூடாது, கூடைக்குள்ளும் போகக் கூடாது. அவ்வளவுதான்.

துப்பாக்கி வாங்க என் மகன் டைட்டஸ் பெங்களூரிலிருந்தும், பெனிட்டா கோயம்புத்தூரிலிருந்தும் ஒரே நாளில் வந்து இறங்கினார்கள். அவர்கள் அப்பாவின் வருஷ நினைவு ஆராதனைக்கு லீவு கிடைக்கவில்லை. இதற்குக் கிடைத்தது.

செல்லையா அண்ணாச்சி கடைக்குப் போனோம். அண்ணாச்சி அரிசி, பருப்பு, துப்பாக்கி மூன்றும் வைத்திருக்கிறார். இரண்டு துப்பாக்கியையும் அரிசிச் சாக்கு மேல் வைத்துக் காட்டினார்.

"யக்கா, உள்ளதச் சொல்லுதேன். புதுசா சுடுதவங்களுக்கு ரைபிள்தான் லேசு. தோள்ல ஒரு பிடி, கன்னத்துல ஒரு பிடி, இடது கையில ஒரு பிடி. ஆடாது. பிஸ்டலுக்கு மணிக்கட்டுதான் எல்லாம். நீங்க பெருமூச்சு விட்டாலே குறி தப்பிப் போவும்."

"அம்மா என்ன போட்டிக்கா போறாங்க அண்ணாச்சி?" என்றான் டைட்டஸ். "பொழுதுபோக்குதான. குறியில படணும்னு என்ன கட்டாயம்?"

"பிஸ்டல்தாம்மா அழகு" என்றாள் பெனிட்டா. "எங்க போனாலும் கூடவே வரும்."

"தூசி தட்ட வேண்டாம்" என்றான் டைட்டஸ்.

"தலகாணிக்கு அடியில வச்சுக்கிடலாம்."

"இடமே அடைக்காது."

துப்பாக்கியைப் பற்றித்தான் பேசினார்கள்.

அண்ணாச்சி பள்ளிக்கூடத்து மைதானத்துக்குக் கூட்டிப்போய் இரண்டையும் சுட்டுப் பார்க்கச் சொன்னார். சுவர் ஓரத்தில் மண்ணைக் குவித்து, நடுவில் கறுப்பு வட்டம் போட்ட தாளை நட்டிருந்தார்கள். முதலில் ரைபிள். தோளில் வைத்ததும் கைக்குழந்தையைச் சாய்த்துக்கொண்டது போலத்தான் இருந்தது. எதிரே நின்ற தாளுக்காக ஒரு சின்ன ஜெபம் செய்தேன். அதையும் யாரோ உட்கார்ந்து கத்தரித்திருப்பார்கள் அல்லவா? பிறகு சுட்டேன். வட்டத்தின் நடுவில் ஓட்டை விழுந்தது. மறுபடி சுட்டேன். அதே ஓட்டைக்குள் போயிற்று.

டைட்டஸ் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். பெனிட்டா செருப்பில் ஒட்டின மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

அடுத்து பிஸ்டல். ஜெபித்துத்தான் சுட்டேன். ஆனாலும் மணிக்கட்டு நடுங்கி, குண்டு தாளை விட்டுவிட்டுச் சுவருக்கு மேலே போய்ப் பள்ளிக்கூடத்துப் பப்பாளி மரத்தில் பட்டது. ஒரு பழம் விழுந்தது.

"சூப்பர்ம்மா!" என்று இரண்டு பேரும் கை தட்டினார்கள். டைட்டஸ் என் முதுகில் தட்டிக்கொடுத்தான். அவன் என்னைத் தொட்டு ரொம்ப காலம் ஆகியிருந்தது. இன்னொரு தடவை தப்பாகச் சுடலாமா என்றுகூட இருந்தது.

பப்பாளி நன்றாகக் கனிந்திருந்ததால் வீட்டுக்கு எடுத்துவந்து வெட்டி வைத்தேன். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கேட்டேன்.

"சரி மக்கா, பிஸ்டல்னே வச்சுக்கிடுவோம். மொதல்ல யாரு வீடு?"

டைட்டஸ் பழத்திலிருந்து விதைகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தான்.

"பெனிட்டா வீட்ல லிஃப்ட் இருக்கும்மா. உங்க முட்டுக்கு நல்லது."

"அண்ணன் வீட்டுக்கு எதுத்தாப்புலயே சர்ச் இருக்கும்மா. உங்களுக்கு அதுதான வேணும்?"

"எங்க வீட்ல வேலைக்கு ஆள் நிக்க மாட்டேங்குது."

"எங்க வீட்ல அவங்களுக்குத் துப்பாக்கிச் சத்தம் ஆகாது."

"அம்மா சுட்டா என்னட்டி சத்தம்? பப்பாளிதான விழும்."

"எங்க ஃப்ளாட்ல பப்பாளி கிடையாதுண்ணே."

தட்டில் பழம் தீர்ந்தது. பிறகு டைட்டஸ் கையைக் கழுவிவிட்டு வந்தான். "யோசிச்சுப் பாத்தா, ரைபிள்தான் சரின்னு தோணுது" என்றான்.

"நானும் அதான் நெனச்சேன்" என்றாள் பெனிட்டா. "என்னமா சுட்டீங்க! தோள்ல ஒரு பிடி, கன்னத்துல ஒரு பிடி. இந்தத் திறமைய வீணாக்கலாமா? அப்பா படத்துக்குப் பக்கத்துல மாட்டிக்கிடுவோம்."

"எனக்கு யாரு எண்ணெய் போடுவா?" என்று கேட்டேன்.

"கேமரா வச்சிட்டுப் போறோம்மா" என்றான் டைட்டஸ். "அங்கருந்தே பாத்துக்கிடுவோம்."

எண்ணெய் போடுவதற்குக் கேமரா எப்படி உதவும் என்று நான் கேட்கவில்லை. பிள்ளைகள் படித்தவர்கள்.

மறுநாள் அறுப்பின் பண்டிகை. எங்கள் ஊரில் சர்ச்சுக்குக் கோயில் என்றுதான் பேர். வீட்டுக்கு எது புதிதாக வந்தாலும் பீடத்துக்கு முன்னால் வைத்து ஜெபித்த பிறகே புழங்குவது எங்கள் வழக்கம். ஆண்டவரிடமிருந்து இன்னும் பதில் வராததால் அண்ணாச்சியிடம் இரண்டு துப்பாக்கியையும் கொண்டுவரச் சொல்லியிருந்தேன். ரைபிளை வலப்பக்கமும் பிஸ்டலை இடப்பக்கமும் வைத்து, நடுவில் முழங்காலில் நின்றேன். என்னைச் சுற்றி ஊரார் படைத்த பூசணிக்காய், வாழைத்தார், நெற்கதிர், கால் கட்டின சேவல் எல்லாம் இருந்தன.

அறுப்பின் பண்டிகையில் படைத்ததை ஏலம் விடுவார்கள். ஏல மணி அடிக்கும்போது பீடத்தைச் சுற்றின கிராதிக் கம்பிக்கு உள்ளே என்ன இருக்கிறதோ அதெல்லாம் ஆண்டவருக்குப் படைத்தது. மணி அடிக்கப் போகிற நேரத்தில் அண்ணாச்சி வந்து, "கடைச் சரக்குக்கா" என்று இரண்டையும் தூக்கிக்கொண்டு கிராதிக்கு வெளியே போய்விட்டார். அவர் சரக்கில் கவனமான ஆள். எனக்கு முட்டு பிடித்துக்கொண்டது. ஜெபத்திலும் பதில் வரவில்லை. எழுந்திருக்க முடியாமல் அங்கேயே இருந்தேன். மணி அடித்துவிட்டது.

கோயிலில் ஜெபம் நடத்துகிற உபதேசியார்தான் ஏலம் விடுவார். அந்த ஏலத்தில் யாரும் விலை பார்ப்பதில்லை. எலுமிச்சம்பழம் கிடாய் விலைக்குப் போகும். ஏலம் எடுத்ததை அங்கேயே இன்னொருத்தர் பேரில் கொடுத்தும் விடலாம். பூசணிக்காயைப் போஸ்ட்மாஸ்டர் எடுத்தார். சேவலுக்குப் பெரிய சண்டை நடந்தது. அது முடிந்ததும் உபதேசியார் என் பக்கத்தில் வந்து நின்றார்.

"அடுத்தது கனகமணி அம்மா. நல்லாச் சமைப்பாங்க. எல்லாருக்காகவும் ஜெபிப்பாங்க. ரைபிள் குறி தப்பாது. யாரு கேக்கா?"

ஆளாளுக்குப் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டினார்கள். பிறகு பின்வரிசையில் டைட்டஸ் கை தூக்கினான்.

"தங்கச்சி பேர்ல" என்றான்.

உடனே பெனிட்டா அதற்கு மேலே கேட்டாள். "அண்ணன் பேர்ல."

அவன் இன்னும் ஏற்றினான், தங்கச்சி பேரில். அவள் அதற்கும் மேலே போனாள், அண்ணன் பேரில். விலை சேவலைத் தாண்டியது. எனக்காக என் பிள்ளைகள் இப்படிப் போட்டி போட்டு நான் பார்த்ததே இல்லை. கோயிலில் பல பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

"யாரு பேர்ல விழுதோ, அந்த ஆளு வாங்கிக்கிடச் சம்மதிக்கணும்" என்றார் உபதேசியார். "தம்பி, உங்களுக்குச் சம்மதமா?"

டைட்டஸ் தலையை ஆட்டினான், இல்லையென்று.

"பாப்பாவுக்கு?"

பெனிட்டா சேலை முந்தானையைச் சரிசெய்தாள்.

கேட்ட விலையெல்லாம் ரத்தாயிற்று. மறுபடியும் முதலிலிருந்து கேட்டார். பண்டிகைக்கு வந்திருந்த ஞானத்தாய் அக்கா ஒயர் கூடைக்குள்ளிருந்து கை தூக்கினாள். நான் பார்த்தேன். கூடையின் கைப்பிடி மறைத்ததால் உபதேசியாருக்குத் தெரியவில்லை.

"யாரும் கேக்கலன்னா அடுத்த வருசத்துக்கு எடுத்து வைக்கணும்" என்றார் அவர். கோயில் குடோனில் போன வருஷத்துச் சுரைக்காய் இன்னும் கிடக்கிறது.

நான் கை தூக்கினேன். காணிக்கைக்காகக் கைக்குட்டையில் முடிந்து வைத்திருந்த பணத்தையே விலையாகக் கேட்டேன்.

"யாரு பேர்ல?"

"என் பேர்லதான்."

"சம்மதமா?"

"சம்மதம்."

ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம் என்று சொல்லிவிட்டு, உபதேசியார் என்னைத் தூக்கி என் கையில் கொடுத்தார். நான் என்னை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டேன்.

வாசலில் அண்ணாச்சி இரண்டு துப்பாக்கியோடும் காத்திருந்தார். "எதுன்னு சொல்லுங்கக்கா. கடையத் திறக்கணும்."

"பிஸ்டல் குடுங்க" என்றேன். இடுப்பில் ஒரு ஆளை வைத்துக்கொண்டு ரைபிள் பிடிக்க முடியாது. அதற்கு இரண்டு கையும் வேண்டும். எனக்கு ஒரு கைதான் மிச்சம்.

அண்ணாச்சி இடுப்பில் இருந்தவளைப் பார்த்தார். "நீங்க சொல்லுததும் சரிதான்" என்று பிஸ்டலைப் பேப்பரில் சுற்றிக் கொடுத்தார்.

"பாத்தீங்களா, மொதல்லயே நாங்க சொன்னதுதான்" என்றாள் பெனிட்டா. பிறகு குரலை இறக்கிக் கேட்டாள். "மொதல்ல யாரு வீட்டுக்கும்மா?"

"என் வீட்டுக்கு."

"அது முடிஞ்சு?" என்றான் டைட்டஸ்.

"அது முடிஞ்சும் என் வீட்டுக்குத்தான்."

இரண்டு பேரும் யோசித்துப் பார்த்தார்கள். கணக்கு யார் தலையிலும் விழவில்லை. "அப்ப சரிம்மா" என்று சொல்லி, மாலை ரயிலுக்கு நேரமாகிவிட்டதென்று கிளம்பினார்கள். டைட்டஸ் மட்டும் ஆட்டோவிலிருந்து தலையை நீட்டினான். "வீட்ட அப்ப விக்க முடியாதுல்ல?" என்றான். ஆள் இருக்கிற வீட்டை எப்படி விற்பது என்று அவனே சொல்லிக்கொண்டு போனான்.

நான் நடந்தேன். கோயிலிலிருந்து வீடு வருவதற்குள் ஒரே ஒரு தடவைதான் இடுப்பை மாற்றினேன். கனமே இல்லை. பிள்ளைகள் ஒரு தடவையாவது தூக்கிப் பார்த்திருக்கலாம்.

தெரு முக்கில் திரும்பும்போது, இடுப்பில் இருந்தவள் என் தோளில் தலையைச் சாய்த்துத் தூங்கிப்போனாள். சத்தம் வராமல் பூட்டைத் திறந்தேன்.