சொந்தத் தொட்டியில் ஆசிட்

கழிவுநீர் லாரிக்காரர் யாரையும் நம்பமாட்டார். "தொட்டி பாதிதான் நிறைஞ்சிருக்கு" என்று வீட்டுக்காரன் சத்தியம் செய்தாலும், மூடியைத் திறந்து தன் கண்ணால் பார்த்த பிறகுதான் குழாயை இறக்குவார். அப்பேர்ப்பட்டவரிடம்தான் சிறுநீரக டாக்டரம்மா, கண்ணுக்கே தெரியாத கிருமிகளைப் பற்றிப் பேசினார்.

"உங்க கிட்னி பாதிக்கு மேல ஓய்ஞ்சு போச்சுங்க ஐயா. இன்னும் இறங்கினா ரத்தத்தைச் சுத்தம் பண்ற டயாலிசிஸ் மெஷின்தான். வாரத்துல மூணு நாள் இங்க வந்து கிடக்கணும்."

"அப்ப லாரிய யாரு ஓட்டுவா? நீங்களா?"

டாக்டரம்மா சிரிக்கவில்லை. "குடல்ல கோடிக்கணக்கா கிருமிங்க இருக்கு. நீங்க அளவுக்கு மீறி தின்ன கறியில மிஞ்சறத அதுங்க அழுக வச்சு நச்சாக்குது. நல்ல கிட்னி அதை வெளிய தள்ளிடும். உங்களோடதால முடியல, ரத்தத்துலயே தேங்குது. தேங்கத் தேங்க கிட்னி இன்னும் கெடும். கறியைக் குறைச்சு, நான் சொல்ற காயும் தானியமும் சாப்பிடுங்க. தீனி மாறினா அதுங்க செய்யற வேலையும் மாறும்."

இவ்வளவிலும் அவர் காதில் ஏறியது ஒரே சொல், கிருமி. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அதையே மென்றார். விஷம் போடுகிறவனை விட்டுவிட்டு, என் தட்டில் இருக்கும் கறியை எதற்கு எடுக்க வேண்டும்? திருடனைப் பிடிக்காமல் வீட்டைக் காலி செய்யச் சொல்வது என்ன நியாயம்?

மனைவிக்குப் பல் பிடுங்கியபோது வாங்கிய கிருமிக்கொல்லி மாத்திரை அலமாரியில் மிச்சம் இருந்தது. போதாததற்கு மருந்துக்கடையில் இன்னொரு அட்டையும் வாங்கி, யாருக்கும் தெரியாமல் வேளை தவறாமல் விழுங்கினார். கூடவே கறியும் ஒரு பிடி பிடித்தார்.

வயிறு பிய்த்துக்கொண்டு போனது. வாய் திறக்காமல் லாரிக்குப் போனவர், படியில் கால் வைக்கும்போதே சுருண்டு விழுந்தார்.

கண் விழித்தபோது கையில் சொட்டு மருந்து ஏறிக்கொண்டிருந்தது. டாக்டரம்மா முகத்தைச் சுளித்தபடி நின்றார். "உடம்புல இருந்த தண்ணியெல்லாம் போய் கிட்னி ரொம்ப அடிபட்டிருக்கு. என்னத்தைச் சாப்பிட்டீங்க?"

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லையா?" கட்டில் மறுபக்கத்திலிருந்து மனைவி சீறினாள். கையில் காலி அட்டை. "இது சட்டைப் பையில எப்படி வந்துச்சு? நேத்து போன்ல எவனையோ என்ன கத்து கத்தினீங்க? 'ஆசிட்ட ஊத்தி தொட்டிக்குள்ள கழிவைக் கரைக்கிற கிருமிப் பூச்சியெல்லாம் கொன்னுட்டு, இப்ப நாத்தம் தாங்கலன்னு என்னைக் கூப்பிடறியா, முட்டாப்பயலே'ன்னு. அந்த முட்டாப்பய இப்ப யாருங்க?"

அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். ஊரார் தொட்டிக்கெல்லாம் பூச்சி வேண்டும் என்று காட்டுக் கத்தல் கத்துகிறவன், தன் தொட்டியில் தானே ஆசிட் ஊற்றியிருக்கிறான். காது சிவந்தது.

வீட்டுக்கு அனுப்பும் நாளில் டாக்டரம்மா சொன்னார்: "கிட்னி பழைய நிலைக்குக் கிட்டத்தட்ட வந்திருச்சு. இந்த வாட்டி தப்பிச்சீங்க."

"அந்தக் காயி, தானியம் எல்லாம் என்னென்னன்னு இவகிட்ட சொல்லுங்க. நீங்க சொல்லிட்டீங்கன்னு திங்கல. என் தொட்டிய நான்தான் கெடுத்தேன், நான்தான் சரிபண்ணணும்."

"தின்னா மெஷினே வராதுன்னு என்னால உறுதி சொல்ல முடியாதுங்க ஐயா. தள்ளிப்போகலாம். அவ்வளவுதான்."

"பொய் சொல்லாம விட்டீங்களே, அதுவே பெருசு."

நடைவழியில் டயாலிசிஸ் அறைக் கதவு திறந்திருந்தது. மெஷின்கள் வரிசையாக முனகின. ஒரு நாற்காலி மட்டும் காலியாக இருந்தது. மனைவி அதைப் பார்க்காமல் வேகமாக நடந்தாள். அவர் நின்றார். உள்ளே இருந்த நர்ஸ் நிமிர்ந்து பார்த்தாள்.

"இந்தாம்மா, அந்த நாற்காலியில யாரையாவது உக்கார வை. எனக்குன்னு இடம் பிடிச்சு வைக்காதே. எனக்கு வண்டி ஓட்டற வேலை கிடக்கு."