வளைவில் நின்றவன்

பெட்டியைத் திறக்க வேண்டாம் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். நாகலெட்சுமி திறந்தாள். மாமனார் இராமையா ஒரு பக்கத்துத் திருகாணியைக் கழற்றிவிட்டுத் தயங்கி நின்றபோது, மற்றப் பக்கத்தை அவளே கத்தி முனையால் கழற்றினாள்.

கணவன் அழகனின் முகத்தில் ஒரு கீறல்கூட இல்லை. கழுத்துக்குக் கீழே புத்தம் புதிய காக்கிச் சட்டை. உயிரோடு இருந்தபோது பொலிஸ் ஸ்டேஷனில் கேட்டுக் கேட்டுக் கிடைக்காத சட்டை. அவள் காலர் பொத்தானை அவிழ்த்துவிட்டாள். அவனுக்குக் கழுத்து இறுக்கினால் பிடிக்காது.

முந்தாநாள் சாயங்காலம் வட்டவளைக்குக் கீழே உள்ள வளைவில், பனிமூட்டத்துக்குள், மரக்கறி லொறி ஒன்று அவன்மேல் ஏறிவிட்டது. அவ்வளவுதான் அவளுக்குச் சொல்லியிருந்தார்கள்.

ஆனால் அவளுக்கு வேறு சிலதும் தெரியும். ரோந்துப் பயிற்சி முடித்து வந்த அன்றே, அழகன் அவளை வாங்கில் உட்காரவைத்து, சோற்றுத் தட்டைக் கையில் கொடுத்தான்.

"இதுதான் ஸ்டியரிங்கு. நீ டிரைவர். நான் முன்னால வந்து நிக்க மாட்டேன். உன் தோளுக்குப் பின்னால நின்னு பேசுவேன். என்னைப் பாக்கணும்னா நீ கழுத்தைத் திருப்பணும்."

"எதுக்காம்?"

"நீ கத்தி கித்தி எடுத்தா எனக்குத் தெரியணும்ல."

"நான் கத்தி எடுத்தா வெங்காயம் நறுக்கத்தான் எடுப்பேன்."

அவன் சிரிக்கவில்லை. சுவரோரம் இருந்த தண்ணீர்க் குடத்தைக் காட்டினான். "அது சுனில், என்கூட வர்ற கான்ஸ்டபிள். அந்தப் பக்கம் நிப்பான். நான் பேசுறப்ப அவன் ரோட்டைப் பாத்துக்குவான். பின்னால வர்ற வண்டியை அவன்தான் மறிக்கணும். தனியா எந்த வண்டியையும் நிறுத்தக் கூடாது. அதான் மொதப் பாடம்."

அந்தச் சுனில் இப்போது தோட்டத்து லயத்து வீடுகளின் பின்புறம், விறகு அடுக்கின் பக்கத்தில், தொப்பியைக் கையில் பிடித்தபடி நின்றான். வாசலில் தப்பு மேளம் அடிக்கத் தொடங்கியிருந்தது. அவள் நேரே அவனிடம் போனாள்.

"அந்த நேரம் நீங்க எங்க இருந்தீங்க?"

சுனிலின் தமிழ் ஸ்டேஷனில் அழகனிடம் கற்ற தமிழ்; தங்கச்சி என்பதை மட்டும் சிங்களத்தில் 'நங்கி' என்பான். "நங்கி, நான் அங்க இல்ல. பெரிய சேர் மகள் டியூஷன் முடிஞ்சு வரணும். மழை. ஜீப் எடுத்துப் போகச் சொன்னாங்க. அழகன் தனிய நிக்கிறான் சேர்னு சொன்னேன். கொஞ்ச நேரம்தானேன்னு சொன்னாங்க."

"அதுக்கு எங்க வீட்டுக்காரரு என்ன சொன்னாரு?"

"சீக்கிரம் வந்துருன்னு சொன்னான்."

 அவள் விறகுக் கட்டை ஒன்றைப் பிடித்துக்கொண்டாள்.

மேலே தோட்டத்து ரோட்டில் விசில் சத்தம் கேட்டது. அந்தப் பெரிய சேரின், ஸ்டேஷன் பொறுப்பதிகாரியின், ஜீப் வந்துகொண்டிருந்தது. அதற்கு வழிவிடுவதற்காகப் பக்கத்துக்கு இரண்டு பேராகக் கான்ஸ்டபிள்கள் நின்றார்கள். எல்லோரும் பளபளக்கும் மஞ்சள் மேலங்கி போட்டிருந்தார்கள். மதிய வெளிச்சத்திலும் கண் கூசியது.

"அதெல்லாம் எங்க இருந்திச்சு?"

"ஸ்டோர்ல. பெரிய ஆளுங்க வந்தாத்தான் எடுப்பாங்க."

மூட்டம் அடர்ந்த நாட்களில் அழகன் வீட்டிலிருந்த வெள்ளைத் துவாயைத் தோளில் குறுக்கே கட்டிக்கொண்டு வேலைக்குப் போவான். முந்தாநாளும் அதைத்தான் கட்டிக்கொண்டு போனான்.

பொறுப்பதிகாரி பெட்டிக்கு முன்னால் நின்று சிங்களத்தில் பேசினார். தோட்டப் பள்ளிக்கூடத்துக் கனகலிங்கம் மாஸ்டர், யாழ்ப்பாணத்துக்காரர், ஒவ்வொரு வாக்கியமாகத் தமிழில் சொன்னார். அழகன் துணிச்சலானவன், ஸ்டேஷனுக்கே பெருமை. அடுத்த வாக்கியத்தை மட்டும் மாஸ்டர் சொல்லாமல் விழுங்கினார். அதுவும் அவளுக்கு விளங்கியது: கடமை வேகத்தில், பயிற்சியில் சொல்லிக்கொடுத்ததை மறந்து, லொறிக்கு முன்னால் போய்விட்டான்.

"மாஸ்டர், நான் ஒண்ணு கேக்கணும். அவருக்குச் சொல்லுங்க."

"இப்ப வேண்டாம் பிள்ளை. நாளைக்கு எல்லா அலுவலுக்கும் அவையளிட்டத்தானே போகவேணும்."

"அப்ப நானே கேக்குறேன்."

அவளுடைய சிங்களம் டவுனில் சாமான் வாங்கப் பழகியது. அதில் மரியாதைச் சொற்கள் அதிகம் கிடையாது. தப்பு நின்றுவிட்டதால் எல்லோருக்கும் கேட்டது.

"என் புருசன் எதையும் மறக்கல. அந்தப் பயிற்சிக்கு ரெண்டு பேரு வேணும். மத்த ஆளை நீ எங்க அனுப்புன? அவரைப் பத்தி இவ்வளவு சொன்னியே, அதையும் இங்க வச்சுச் சொல்லு."

பொறுப்பதிகாரியின் முகம் சிவந்தது. அவர் சுனிலைப் பார்த்தார். சுனில் தரையைப் பார்த்தான். பிறகு அவர் மாஸ்டரிடம் திரும்பித் தாழ்ந்த குரலில், துக்கத்தில் ஏதோ பேசுகிறாள், உள்ளே கூட்டிப்போகச் சொல்லுங்கள் என்றார்.

"துக்கம்தான்" என்றாள் நாகலெட்சுமி. "துக்க வீட்டுல பொய் சொல்லக் கூடாது."

பெட்டியைத் தூக்கக் குனிந்த கான்ஸ்டபிள்களை அவள் கையால் தடுத்தாள். "நீங்க தூக்க வேணாம். தனியா நிக்கவச்சது நீங்க. எங்க ஆளுங்க தூக்கட்டும்."

இராமையா மருமகளைப் பார்த்தார். பிறகு துண்டை உருவி இடுப்பில் கட்டிக்கொண்டு, தலைமாட்டில் தோள் கொடுத்தார். தோட்டத்து ஆட்கள் ஓடிவந்து மற்ற மூலைகளைப் பிடித்தார்கள். மரியாதைக்கு வானத்தை நோக்கிச் சுட வந்தவர்கள் துப்பாக்கியோடு ஓரமாக ஒதுங்கி நின்றார்கள். தேயிலை மலைக்கு நடுவே கொடிபோன்ற பாதையில் பெட்டி இறங்கிப் போனது.

ஆண்கள் புதைத்துவிட்டுத் திரும்பியபோது தூறல் பிடித்திருந்தது. நாகலெட்சுமி, மலைத் தண்ணீர் கொட்டும் லயத்துப் பீலிக்கரையில் நின்றாள். உள்ளே பெண்கள் கூப்பிட்டும் அவள் போகவில்லை. ஒவ்வொருவராக வந்து கால் கழுவிக்கொண்டு போனார்கள். கடைசியில் சுனில் வந்தான். காலில் சப்பாத்து இல்லை. முழங்கால்வரை சிவப்பு மண். கூட்டத்தின் பின்னால் குழிவரை போயிருக்கிறான் என்று தெரிந்தது.

"திங்கக்கிழமை விசாரணை வருது நங்கி. நான் சொல்றேன்."

"சொல்லிட்டு வாங்க. அப்புறம் பேசலாம்."

மேலே ரோட்டில் பொறுப்பதிகாரியின் ஜீப் சுனிலைக் கூப்பிட்டு ஹார்ன் அடித்தது. மறுபடியும், நீளமாக அடித்தது. சுனில் நிமிர்ந்து பார்க்கவில்லை. காற்சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு பீலிக்கு அடியில் ஒரு காலை நீட்டினான். மண் லேசில் போகவில்லை.

நாகலெட்சுமி நகர்ந்து இடம்விட்டாள்.