பொட்டலத்தின் மேல் எழுதிய தேதி

1.

"ஏம்மா, இந்தப் பொடி கெட்டுப்போகுமா?"

சாந்தோ மாமா கேட்டது இவ்வளவுதான். கேட்டுவிட்டு, வேறு யாரோ கேட்டதுபோலக் கடை வாசலைத் திரும்பிப் பார்த்தார்.

அந்தக் கேள்வியிலிருந்துதான் இந்தக் கதை வந்தது என்று ஒப்புக்கொள்ள, இதை எழுதுகிறவளுக்குத் தயக்கமில்லை. தயக்கம் மற்றதில்தான். 'நான்' என்று தொடங்கி மூன்று முறை எழுதினாள், மூன்று முறையும் அடித்தாள். 'அவள்' என்று எழுதினால் பழி கொஞ்சம் தள்ளிப்போய் விழும். ஆகவே, அவள். பெயர் செராஃபினா. வயது பதினேழு. பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டுவிட்டு, ஆஸ்திரேலியாவின் கிரிஃபித்தில் நூச்சா அத்தையின் கடையில் பொட்டலம் கட்டுகிறாள்.

(எழுதுகிறவள் ஏன் ஒளிந்துகொள்கிறாள் என்று இப்போதே சந்தேகப்படுகிறீர்களா? சந்தேகப்படுங்கள். இந்தக் கதைக்கு அது தேவை.)

2.

முதல் தொடக்கம்: மார்ச் மாதம் வந்துவிட்டால் ஒவ்வொரு வீட்டுக் கார்ஷெட்டிலிருந்தும் திராட்சையின் மணம் தெருவெங்கும்

வேண்டாம். மணத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் எதையோ மறைக்கிறார்கள்.

இரண்டாம் தொடக்கம்: இத்தாலியிலிருந்து வந்த கலாப்ரியாக்காரர்கள் ஒயினில் எதையும் சேர்ப்பதில்லை.

இது பொய். ஆனால் ஊரே சேர்ந்து சொல்கிற பொய், அதனால் இதையே வைத்துக்கொள்கிறாள். வீட்டில் ஒயின் போடுகிற எந்த ஆளைக் கேட்டாலும் நெஞ்சில் கை வைத்து, "திராட்சை மட்டுந்தான்" என்பார். அதே ஆள் மாவும் தக்காளி பாட்டில் மூடியும் வாங்குகிற சாக்கில் பின்கதவு வழியாக வந்து, பழுப்புக் காகிதத்தில் சுற்றிய வெள்ளைப் பொடியையும் வாங்கிப்போவார். பொட்டாசியம் மெட்டாபைசல்பைட். ஒயின் வினிகராகிவிடாமல் காக்கிற பொடி. கடையில் யாரும் அந்தப் பெயரைச் சொல்வதில்லை. "நூச்சா, அது இருக்கா?" என்பார்கள். "எது?" என்று அத்தை வேண்டுமென்றே கேட்பாள். "உன் தலை" என்பார்கள். பொட்டலம் கைமாறும்.

வாங்கவே வாங்காத பொருளைப் பற்றி யார் வந்து புகார் சொல்ல முடியும்?

3.

ஈஸ்ட் உறையில் தேதி அச்சடித்தே வரும். பொடி அப்படியில்லை. மூட்டையாக வரும், பிரித்து நூறு நூறு கிராமாகக் கட்ட வேண்டும். மேலே ஒரு தேதி எழுத வேண்டும். எந்தத் தேதி என்று வேலைக்குச் சேர்ந்த புதிதில் செராஃபினா கேட்டாள்.

"கட்டுன தேதிய எழுதுடி. நீ என்னிக்குக் கட்டுறியோ அன்னிக்குத்தான் அது பொறந்துச்சு."

விற்காமல் மிஞ்சிய பொட்டலங்களை அடுத்த பிப்ரவரியில் பிரித்து, டப்பாவில் கொட்டி, மறுபடி கட்டுவார்கள். மறுபடி பிறக்கும்.

அத்தையைக் கெட்டவளாக்க இது நல்ல இடம். ஆனால் அத்தைக்குப் பொடி என்பது உப்பு மாதிரி. உப்பு கெடாது என்றுதான் அவள் நம்பினாள். [நம்பினாளா? இந்த வரி நான்கு நாளாக இப்படியே நிற்கிறது.]

* அடிக்குறிப்பாகப் போயிருக்க வேண்டியது: புதுப் பொடியைத் திறந்தால் மூக்கில் ஊசி ஏறும், இருமல் வரும். திறந்து வைத்து வருடம் தாண்டினால், ஈரம் பட்டால், வீரியம் போய்விடும். நிறம் மட்டும் அதே வெள்ளை. இந்தப் பிப்ரவரியில் செராஃபினா நாற்பது பொட்டலம் கட்டினாள். ஒருமுறைகூட இருமவில்லை. இருமவில்லை என்பதைக் கவனிக்கவும் செய்தாள்.

4.

சாந்தோ மாமா மகளுக்கு அக்டோபரில் கல்யாணம். அதற்கென்று ஆறு பெரிய கண்ணாடிக் குடுவைகளில் போட்டுவைத்த ஒயின் ஜூலையில் ஆறும் வினிகர்.

தம்பி மீக்கோதான் செய்தான் என்பது மாமாவின் கட்சி. திராட்சை பிழிகிற எந்திரம் இருவருக்கும் பொது. அது யார் வீட்டில் இருப்பது என்று ஈஸ்டருக்கு அண்ணன் தம்பி சண்டை. மே மாதம், வீட்டில் யாரும் இல்லாதபோது, இரவல் வாங்கிய பம்ப்பைத் திருப்பி வைக்கத் தம்பி அந்தக் கார்ஷெட்டுக்குள் போயிருக்கிறார். அப்போது குடுவை மூடிகளைத் தளர்த்திக் காற்று விட்டுவிட்டாராம். அவர் குடும்பத்துக்குக் கல்யாண அழைப்பு இல்லை. ஞாயிற்றுக்கிழமை அழைப்பிதழ் கொடுக்கத் தொடங்குகிறார்கள்.

"முப்பது வருஷமா கெடாத ஒயின் இப்பக் கெடுதுன்னா எவனோ கை வச்சிருக்கான், பினா. நான் எதுவும் சேக்கிறதில்ல. உனக்கே தெரியும்."

"தெரியும் மாமா," என்றாள், மார்ச்சில் அவர் கையில் பொட்டலத்தைக் கொடுத்தவள்.

அதற்குப் பிறகுதான், குரலைத் தாழ்த்தி, அந்தக் கேள்வி. செராஃபினா வாயைத் திறப்பதற்குள் தராசுக்குப் பின்னாலிருந்து அத்தை பதில் சொல்லிவிட்டாள்.

"உப்பு கெடுமா சாந்தோ? உன் தம்பி மூஞ்சியப் பாத்தா பாலே திரிஞ்சுபோகும்."

மாமா சிரித்தார். பெரிய பாரத்தை இறக்கிவைத்த சிரிப்பு. தம்பி துரோகியாக இருப்பது ஒருவருக்கு ஏன் இவ்வளவு நிம்மதி தர வேண்டும்?

5.

மீக்கோவை எழுதுவது கடினம். முதல் பிரதியில் அவருக்குச் சாதுவான கண்கள் கொடுத்திருந்தாள். யாரும் நம்பமாட்டார்கள் என்று எடுத்துவிட்டாள்.

ஏனென்றால் ஒருநாள் அவர் கடையில் நின்று, "எங்கண்ணன் இனிமே சாலட்டுக்கு வினிகர் வாங்க வேண்டாம்" என்று சொன்னார். செராஃபினா தன் காதால் கேட்டாள். ஜூலைக்குப் பிறகு சொன்னார் என்றால் வெறும் குத்தல். மே மாதமே சொன்னார் என்றால்

அவளுக்கு நினைவில்லை. ஒவ்வொரு முறை நினைக்கும்போதும் அந்தப் பேச்சுக்கு வேறு தேதி விழுகிறது.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். மீக்கோ குற்றவாளி என்றால் செராஃபினா தப்பித்துக்கொள்வாள். அவள் எழுதுகிற மீக்கோவை அந்தக் கணக்கோடு படியுங்கள்.

6.

முடிவு ஒன்று: செராஃபினா எல்லோர் முன்னிலையிலும் உரக்கச் சொல்கிறாள். (வாடிக்கையாளரிடம் முழுசாக நாலு வார்த்தை பேசியறியாதவள். சரிவராது.)

முடிவு இரண்டு: மீக்கோ குற்றத்தை ஒப்புக்கொள்கிறார், அண்ணனும் தம்பியும் கட்டிப்பிடித்து (இதை அடித்த இடத்தில் தாள் கிழிந்துவிட்டது.)

முடிவு மூன்று: யாரும் எதுவும் சொல்வதில்லை. கடையில் வாங்கிய ஒயினோடு கல்யாணம் நடக்கிறது. தம்பி வீட்டார் உட்கார வேண்டிய மேசை போடப்படவில்லை. இதற்கு எதுவுமே செய்ய வேண்டாம். நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டிருந்தால் போதும்.

அந்தத் தேதியை எழுதியது நான்.

(ஒருமுறை மட்டும். இனி அவள்தான்.)

7.

சனிக்கிழமை சாந்தோ மாமா மாவு வாங்க வந்தார். அத்தை தலைக்குச் சாயம் போடப் போயிருந்தாள். கடையில் வேறு யாரும் இல்லை.

செராஃபினா மாவை நிறுத்துப் பையில் போட்டாள். பிறகு கிடங்குக்குப் போய், பொடி மூட்டையின் வாயில் தைத்திருந்த அட்டையைப் பிய்த்து எடுத்து வந்தாள். தன் கையெழுத்தில் தேதி எழுதிய பொட்டலம் ஒன்றை மேசைமேல் வைத்து, பக்கத்தில் அட்டையை வைத்தாள். பொட்டலத்தில் இந்த வருடம். அட்டையில், தயாரித்த தேதியாக, நான்கு வருடத்துக்கு முந்தைய ஒரு மே மாதம்.

மாமா கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு படித்தார். அட்டையைத் திருப்பிப் பார்த்தார், திரும்பவும் முன்பக்கம் படித்தார். பொட்டலத்தைப் பிரித்து மூக்கருகே கொண்டுபோய் இழுத்தார். இருமல் வரவில்லை.

இதைத் தம்பியிடம் கொண்டுபோனால், முப்பது வருடமாக நெஞ்சில் கை வைத்துச் சொன்னதையும் சேர்த்துக் கொண்டுபோக வேண்டும். கொண்டுபோகாவிட்டால், நாளை ஞாயிறு, அழைப்பிதழ் கொடுக்கிற நாள். இவை இரண்டும் அவருக்குத் தெரியும் என்பது மட்டும் செராஃபினாவுக்குத் தெரிந்தது. தம்பி மூடியைத் தொடவே இல்லை என்று அந்த அட்டை சொல்லவில்லை என்பதும் தெரிந்தது.

கடையிலிருந்து இடப்பக்கம் போனால் மீக்கோவின் தோட்டம். வலப்பக்கம் போனால் மாமாவின் வீடு. கண்ணாடிச் சன்னலில் இரண்டு பக்கமும் நன்றாகத் தெரியும். எழுதுகிறவள் தலையைக் குனிந்துகொண்டாள், ஆகவே அவர் எந்தப் பக்கம் திரும்புகிறார் என்பதை நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

அவர் அட்டையை இரண்டாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். மாவுப் பையை மேசையிலேயே விட்டுவிட்டு வெளியே போனார்.